இமையிலிருந்து எடுத்தது

மார்ச் 4

பாப்பா,

என் இமையிலிருந்து வெட்டியெடுத்த சதையை என்னைக் கேட்காமல் சோதனைக்கு அனுப்பியது தவறு. அந்தத் தவறைச் செய்தவள் நீ. சுற்றி வளைக்காமல் முதலிலேயே எழுதிவிட்டேன். நீ கடிதத்தைப் பாதி படித்துவிட்டு மீதியை வேன் ஸ்டியரிங்குக்கு மேலே செருகி வைத்து மறந்துவிடுகிற ஆள்.

எனக்குத் தெரியாது என்று நினைத்திருப்பாய். முகம் முழுக்கப் பச்சைத் துணியைப் போர்த்தி இடது கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்டிருந்தார்கள். துணி முகத்தை மூடும், காதை அடைக்காது. டாக்டரம்மா உன்னைக் கதவருகே கூப்பிட்டுப் பேசியது எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.

"அதே இடத்துல திரும்பத் திரும்ப வருது. இந்த தடவை எடுத்தத டெஸ்டுக்கு அனுப்பிடலாம்" என்றார் அவர்.

"அனுப்புங்க டாக்டர். அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றாய் நீ.

நான் மேசையில் படுத்திருக்கிறேன். இமையைத் திருப்பி, வளையம் போன்ற ஓர் இடுக்கியை மாட்டித் திருகி வைத்திருக்கிறார்கள். எழுந்து உட்கார்ந்து "அனுப்பாதே" என்று சொல்ல முடியாது. அந்த நேரம் பார்த்து முடிவு எடுத்தீர்கள், இரண்டு பெண்களும் சேர்ந்து.

கண்கட்டிக்கு இது மூன்றாவது கீறல். பழகியிருக்கும் என்று நர்ஸ் சொன்னாள். பழகவில்லை. உடம்பில் வேறு எங்கே ஊசி போட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். இமையில் போடும்போது ஊசி வருவதை அந்தக் கண்ணாலேயே பார்க்க வேண்டியிருக்கிறது. மரத்துப்போன பிறகு வலி இல்லை, சத்தம்தான். சின்னக் கரண்டியால் பாத்திரத்தின் அடியைச் சுரண்டுகிற மாதிரி, ஆனால் தலைக்குள்ளே. அந்தச் சத்தத்தோடு உன் குரலும் கலந்து கேட்டது. இன்னும் கேட்கிறது.

பிறகு நீ வந்து, "சொட்டு மருந்து வாங்கிட்டு வந்துடறேன்ணே, இங்கயே உக்காரு" என்றாய். கையை முந்தானைக்குள் வைத்திருந்தாய். சொட்டு மருந்து ஆஸ்பத்திரிக்குள்ளேயே விற்கிறார்கள். ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்திருந்தாலும் அது எனக்குத் தெரியும்.

என் இமைக்குள் என்ன இருக்கிறது என்பதை நான் சொல்கிறேன். கண்ணாடி. வாழ்நாள் முழுக்கக் கண்ணாடி வெட்டுகிறவன் நான். உடைக்கிற ஒவ்வொரு தகட்டிலும் தூள் பறக்கும். ஒரு துணுக்கு இமைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது, உடம்பு அதைச் சுற்றிக் கட்டி கட்டுகிறது. அவர்கள் கட்டியைச் சுரண்டுகிறார்கள், துணுக்கை விட்டுவிடுகிறார்கள். மறுபடி வருகிறது. இதைப் புரிந்துகொள்ள எந்தச் சோதனைக்கூடத்துக்கும் அனுப்ப வேண்டியதில்லை.

நீ என்ன சோதனைக்கு அனுப்பினாய் என்று எனக்குத் தெரியும். அந்த நோயின் பெயரை இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன்.

போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். போனில் நீ அழுவாய், நான் கத்துவேன், பக்கத்து சைக்கிள் கடை விசில்காரர் விசிலடிப்பதை நிறுத்திவிட்டுச் சுவரைத் தாண்டி வருவார். எழுது. எழுத்தில்தான் நீ கொஞ்சம் யோசித்துப் பேசுகிறாய்.

அண்ணன்

*

மார்ச் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

முழுவதும் படித்தேன். ஸ்டியரிங்குக்கு மேலே செருகவில்லை. பள்ளிக்கூடம் விடுவதற்காக வேனை மரத்தடியில் நிறுத்திவிட்டு, உன் கடிதத்தைத் திரும்பவும் திரும்பவும் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். கையெழுத்து கிறுக்கலாக இருந்தால் என்ஜினைத் திட்டு. ஏசிக்காக ஓடவிட்டிருக்கிறேன்.

நீ சொன்னது சரி. உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று தெரிந்ததால் கேட்கவில்லை. முதல் தடவை கட்டி வந்தபோது வெந்நீர் ஒத்தடமும் களிம்பும் போதும் என்று டாக்டர் சொன்னதைக்கூட நீ நம்பாமல், நூலகத்திலிருந்து கண்ணைப் பற்றிய தடிப் புத்தகத்தை எடுத்து வந்து, படம் படமாகப் பார்த்து, அப்புறம்தான் துணியை நனைத்தாய். அப்படிப்பட்ட ஆளிடம், துணி போர்த்திப் படுத்திருக்கும்போது, இதை எப்படிச் சொல்வது?

டாக்டரம்மா என்னைக் கதவருகே கூப்பிட்டதற்கு முன்னால் ஒரு போட்டோ காட்டினார். உன் இமையைப் பெரிதாக்கி எடுத்தது. கட்டி இருந்த இடத்தில் மட்டும் ரோமம் இல்லை. மற்ற இடத்தில் வரிசையாக நிற்கிறது, அங்கே மட்டும் மொட்டையாக. சாதாரணக் கட்டி ரோமத்தைத் தின்னாது என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீ அப்புறம் அதை மறைத்தாய், இதை மறைத்தாய் என்று சொல்லக் கூடாது.

"பெரும்பாலும் ஒண்ணும் இருக்காதும்மா. ஆனா இருந்துட்டா, கட்டி மாதிரி வேஷம் போட்டுட்டு வர்ற ஒண்ணு அது. பாத்துடறது நல்லது."

வேஷம் என்ற சொல்லைக் கேட்டதும் அந்தப் போட்டோவிலிருந்து பார்வையை எடுத்துவிட்டேன் அண்ணே. உன் முகத்தில் வேறு யாரோ வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது மாதிரி.

அந்த ஆஸ்பத்திரியில், எடுத்த சதையைப் போட்ட குப்பியைக் கொண்டுபோக ஆள் கிடையாது. கூட வந்தவர்களிடமே கொடுத்து, அடுத்த தெருவில் இருக்கும் லேபில் கொடுக்கச் சொல்கிறார்கள். என் கையில் வைத்தபோது குப்பி சில்லென்று இருந்தது. உள்ளே பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்தேன். அவ்வளவு சின்னது. அதைத் தூக்கிக்கொண்டு போனபோது எதிரே வந்த சைக்கிள்காரனை எல்லாம் திட்டிக்கொண்டே போனேன், தட்டிவிடுவானோ என்று. நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவள் நான், அன்று ஒரு குப்பியை முந்தானைக்குள் பொத்திப் பொத்திக் கொண்டுபோனேன்.

இப்போது பயமாக இருக்கிறது. ரிசல்ட் ஒரு வாரத்தில் வரும் என்றார்கள். என் நம்பர்தான் கொடுத்திருக்கிறேன். இன்னும் யாரும் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

உன் மாப்பிள்ளை, "உங்க அண்ணன் கண்ணாடின்னு சொன்னா கண்ணாடியாத்தான் இருக்கும், அவருக்குத் தெரியாத கண்ணாடியா?" என்கிறார். அவர் உன் கட்சி. எனக்கும் அந்தக் கட்சியில் சேர ஆசைதான். முடியவில்லை.

பெல் அடித்துவிட்டார்கள். களிம்பைப் போடு. இமையைத் தடவிக்கொண்டே இருக்காதே.

பாப்பா

*

மார்ச் 13

பாப்பா,

ரோமத்துக்குக் காரணம் நான் சொல்கிறேன். போன தடவை கட்டு போட்டபோது பிளாஸ்திரியை இமையோடு சேர்த்து ஒட்டினார்கள். பிரிக்கும்போது பிய்ந்தது. இதற்குப் போட்டோ எடுத்து வேஷம், நாடகம் என்று பேசிப் பயமுறுத்த வேண்டியதில்லை.

மாப்பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல். குடும்பத்தில் புத்தி உள்ள ஆள் அவர் ஒருவர்தான்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் என் விரலில் ஏறிய துணுக்கு ஒன்று பல வருஷம் கழித்து மணிக்கட்டுக்குப் பக்கத்தில் கட்டியாகி வெளியே வந்தது. அதைப் புத்தகத்தில் படிக்கவில்லை, என் கையில் பார்த்தேன். கண்ணாடி சதைக்குள் சும்மா இருக்காது, நகரும். நகர்கிற ஒன்றைச் சுரண்டினால் எப்படி வரும்? லேபில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்குக் கண்ணாடித் துணுக்கை எப்படித் தேடுவது என்று தெரியுமா? நேரே வெளிச்சம் காட்டினால் அது தெரியாது. பக்கவாட்டில் காட்டினால் பளிச்சென்று ஒரு புள்ளி மின்னும். அதற்குப் பழகிய கண் வேண்டும். சோதிக்க வேண்டிய முறையில் சோதிக்க வேண்டிய ஆள்தான் சோதிக்க வேண்டும். அதற்கு மேல் இப்போது எழுத மாட்டேன்.

கடையில் ஒன்று நடந்தது, நீ வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு முன் நானே எழுதுகிறேன். தெருமுனை சலூன்காரர் சுவருக்கு நீளக் கண்ணாடி கேட்டிருந்தார். அளந்தேன், கோடு போட்டேன், வெட்டினேன். கொண்டுபோய் வைத்தால் சுவரில் இரண்டு விரல் இடம் காலி. என் கையால் வெட்டியது இதுவரை ஒரு நூல் தவறியதில்லை. அளவு டேப் பழசாகிவிட்டது, இழுத்து இழுத்து நீண்டுவிட்டது. புதிது வாங்கிவிட்டேன்.

சலூன்காரர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. எப்போதும் நக்கல் அடிக்கிற ஆள். என் முகத்தைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், "பரவால்ல பெரியவரே, அந்த எடத்துல காலண்டர் மாட்டிக்கறேன்" என்றார். இரக்கப்படுகிறார். என் முகத்தில் அப்படி என்ன பார்த்தார்?

கடையில் இருக்கிற கண்ணாடிகளை எல்லாம் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். தூசி படியாமல் இருக்க. விசில்காரர் வந்து, "என்னய்யா, கண்ணாடிக் கடைக்கு வந்தா ஒரு கண்ணாடிகூட மூஞ்சியக் காட்ட மாட்டேங்குது" என்றார். அவர் பஞ்சர் ஒட்டுகிற வேலையைப் பார்க்கட்டும்.

உன் தவறு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. "கேட்டிருக்க வேண்டும்" என்று எழுதிவிட்டால் முடிந்துவிடாது.

அண்ணன்

*

மார்ச் 17

அண்ணே,

இன்று லேபில் ஒரு வழியாகப் போனை எடுத்தார்கள். ரிசல்ட் என்று கேட்டேன். அந்தப் பெண் தேடிப் பார்த்துவிட்டு, "மேடம், அந்த சாம்பிள் எங்ககிட்ட இல்ல. மறுநாளே பேஷண்ட் வந்து வாங்கிட்டுப் போயிட்டாரு. வேற லேபுல குடுக்கறேன்னு கையெழுத்து போட்டிருக்காரு" என்றாள்.

நான் வேனை ஓரங்கட்டி உட்கார்ந்துவிட்டேன். பின்னால் இருந்த பிள்ளைகள் ஏன் ஆன்ட்டி நிறுத்திட்டீங்க என்று கேட்டார்கள். டயரில் காற்று இல்லை என்றேன். இறங்கிப் போய் டயரை உதைத்துப் பார்க்கிற மாதிரி நின்றேன். பிள்ளைகள் முன்னால் அழக் கூடாது என்று ஒரு பழக்கம்.

நான் ஊருக்குப் பஸ் ஏறிய மறுநாள் காலையிலேயே போயிருக்கிறாய். ரசீதை மருந்துப் பையில் பார்த்திருப்பாய், நான்தான் மடையத்தனமாக அதில் போட்டேன். இத்தனை நாளும் நான் அந்த அழைப்புக்காகப் போனைக் குளியலறைக்குள்கூடக் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறேன். அங்கே சோதிக்க எதுவுமே இல்லை. உன் முதல் கடிதத்தை எழுதும்போதே அது உன்னிடம் இருந்திருக்கிறது. என்னைத் திட்டி எழுதிய மேசையிலேயே இருந்திருக்கும்.

இப்போது சண்டை போடவில்லை. பதில் மட்டும் சொல். குப்பி எங்கே? மூடியைத் திறந்தாயா? அதில் இருக்கிற திரவத்தைக் கொட்டினாயா? தண்ணீர் ஊற்றினாயா? டாக்டரம்மாவைக் கேட்டுவிட்டேன். அந்தத் திரவத்திலேயே இருந்தால் இன்னும் கெட்டிருக்காது, எடுத்து உலரவிட்டிருந்தால் அவ்வளவுதான், மறுபடியும் இமையைக் கீற வேண்டும் என்கிறார்.

அவரும் பயந்துவிட்டார், அண்ணே. குரலில் தெரிந்தது. "அவர் வராம இருந்துடக் கூடாதும்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். டாக்டர் ஒருத்தர் நம்மைப் போலப் பயப்பட்டு நான் கேட்டதில்லை.

உனக்கு எது முக்கியம்? நான் செய்தது தவறா இல்லையா என்பதா, கண்ணா?

பாப்பா

*

மார்ச் 21

பாப்பா,

திறக்கவில்லை. கொட்டவில்லை. தண்ணீர் ஊற்றவில்லை. அலமாரியில், பசை டப்பாவுக்குப் பின்னால், வெயில் படாத இடத்தில் இருக்கிறது. நான் அறிவில்லாதவன் அல்ல.

நடந்ததை எழுதுகிறேன். லேபுக்குப் போனேன். அந்தப் பெண், "வேற லேபுக்கா சார்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என் உடம்பிலிருந்து எடுத்தது, நான் கேட்டேன், கொடுத்தாள். அவளைத் திட்டாதே.

கடைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வைத்திருக்கிறேனே, அந்த லென்ஸை எடுத்தேன். குப்பிக்குப் பக்கவாட்டில் டார்ச்சை வைத்தேன். வலது கண்ணால் பார்த்தேன். மெதுவாக, ஒரு பக்கம் விடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். வெந்த முட்டைக்கருவின் நிறத்தில் சிறு சிறு துண்டுகள். குப்பியை அசைத்தால் மிதந்து இறங்குகின்றன. கண்ணாடி என்றால் நேரே அடியில் போய் உட்காரும், மின்னும். எதுவும் மின்னவில்லை.

வெளிச்சம் சரியில்லை என்று நினைத்தேன். அடுத்த நாள் வெயிலில் பார்த்தேன். அதற்கடுத்த நாளும் பார்த்தேன். உனக்கு அந்த மார்ச் 13 கடிதத்தை எழுதிய நாள் காலையிலும் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

குப்பியில் கண்ணாடி இல்லை.

இதை இன்னொருவர் சொல்லியிருந்தால் உனக்குத் தெரியவில்லை என்று சொல்லித் துரத்தியிருப்பேன். நானே பார்த்தேன். என்னைத் துரத்த முடியவில்லை.

அன்றிலிருந்துதான் கடைக் கண்ணாடிகளைத் திருப்பி வைத்திருக்கிறேன். தூசிக்காக அல்ல. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கிழவன் இடது இமை வீங்கிப்போய் நிற்கிறான். உள்ளே வேஷம் போட்டு வந்தது என்று நீ எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு அந்தக் கிழவனை நேரே பார்க்க முடியவில்லை. சவரம்கூடத் தடவிப் பார்த்துத்தான் செய்கிறேன்.

கீறிய இடத்தில் மறுபடி ஏதோ கெட்டியாக இருக்கிறது. பருக்கை மாதிரி. விரலை வைக்கக் கூடாது என்றாய். வைக்கிறேன். வைக்காமல் இருக்க முடியவில்லை. தூங்கி எழுந்ததும் முதலில் கை அங்கேதான் போகிறது. இல்லாமல் போயிருக்குமோ என்று.

டேப் பழசாகவில்லை. கண்தான் கலங்கிக் கலங்கித் தெரிந்தது, நீர் கோத்துக்கொண்டே இருக்கிறது. கோடு இரண்டாகத் தெரிந்தது. எந்தக் கோட்டில் வெட்டுவது என்று தெரியாமல் ஒன்றில் வெட்டினேன்.

நேற்றுக் குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு லேப் வாசல் வரை போனேன். உள்ளே போகவில்லை. எதிர்ப் பக்கம் நின்றேன். விசில்காரர் சைக்கிளில் வந்தவர் என்னைப் பார்த்து இறங்கி, "என்ன பெரியவரே, இங்க நிக்கறீங்க?" என்று கேட்டார். காற்று வாங்குகிறேன் என்றேன். புகையும் தூசியுமான அந்தத் தெருவில் காற்று வாங்குகிறேனாம். அவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு என் கூட நின்றார். விசில் அடிக்கவில்லை. பிறகு இரண்டு பேரும் கடைக்குத் திரும்பினோம்.

ஒன்றே ஒன்றுக்குப் பதில் எழுது, சர்க்கரை தடவாமல். அது என்று தெரிந்தால், கண்ணை எடுத்துவிடுவார்களா? புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் படிக்கத் தொடங்கிப் பாதியில் மூடிவிட்டேன். நான் ஒரு புத்தகத்தைப் பாதியில் மூடியது இதுதான் முதல் தடவை.

வேன் ஓட்டுகிறவர்களுக்கு நினைத்தபோது லீவு கிடையாது என்று எனக்குத் தெரியும். நீ வர வேண்டும் என்று எழுதவில்லை. சனிக்கிழமை பள்ளிக்கூடம் உண்டா என்று மட்டும் எழுது.

அண்ணன்

*

மார்ச் 31

அன்புள்ள அண்ணனுக்கு,

உனக்கு இதை எழுதுவதற்கு முன்னால் போனை எடுத்து உன் நம்பரை அழுத்தினேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். எழுத்தில்தான் நான் யோசித்துப் பேசுகிறேன் என்றாய். யோசித்தே எழுதுகிறேன்.

சனிக்கிழமை நாம் லேபில் திரும்பக் கொடுத்த குப்பிக்கு ரிசல்ட் வந்து, டாக்டரம்மா இன்று காலை கூப்பிட்டார். அது அதுதான், அண்ணே. இமைக்குள் எண்ணெய் சுரக்கிற சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றனவாம், அதிலிருந்து கிளம்புகிற புற்று. நீ எழுத மாட்டேன் என்ற சொல்லை நான் எழுதிவிட்டேன். எழுதிப் பார்த்தால் மூன்றே எழுத்து.

இப்போது மற்றதையும் படி. இங்கேயே கடிதத்தை மடித்து வைக்காதே. உன் கேள்விக்குத்தான் முதலில் பதில் கேட்டேன். "கண்ணை எடுக்கணுமா டாக்டர்?" என்றேன்.

"இப்ப தெரியற வரைக்கும் இமைலதான் இருக்கு. கண்ண எடுக்கற பேச்சே இல்ல. ஆனா இமைய இப்படியே விட்டா நாளைக்கு அந்தப் பேச்சு வரும்."

என்ன செய்வார்கள் என்றால், கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல சதையையும் சேர்த்து எடுப்பார்கள். எடுத்ததன் ஓரங்களைச் சோதித்துப் பார்ப்பார்கள், மிச்சம் இருக்கிறதா என்று. இல்லை என்றால் பக்கத்துத் தோலை இழுத்து இமையைத் தைப்பார்கள். மிச்சம் இருந்தால் இன்னும் கொஞ்சம். அதற்கு முன் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து ஒரு ஸ்கேனும் எடுக்க வேண்டும். அங்கே செய்ய முடியாது, எங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கிறார். மரப்பு ஊசிதான். சரியாக இருந்தால் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். என் வீட்டுக்கு.

எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் சொல்லவில்லை. சீக்கிரம் பிடித்துவிட்டோம் என்று சொன்னார். இன்னும் சீக்கிரம் பிடித்திருக்கலாம் என்று சொல்லவில்லை, ஆனால் அந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டார். நீ குப்பியை வைத்திருந்த நாட்களைப் பற்றி நான் இனி ஒரு வார்த்தையும் பேச மாட்டேன். நீயும் பேசாதே.

சனிக்கிழமை அந்தத் தெருவில் உன் கூட நடந்தபோது நீ சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டே வந்தாய். முதல் தடவை நானும் அப்படித்தான் பொத்திக்கொண்டு போனேன். லேபில் அந்தப் பெண் உன்னைப் பார்த்து, "திரும்பக் கொண்டு வந்துட்டீங்களா சார்?" என்று கேட்டாள். நீ, "அங்க லென்ஸ் சரியில்ல" என்றாய். எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே வந்து அழுதேன். நீ பார்க்காத மாதிரி சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தாய்.

உன் கடையில் இரண்டு நாள் இருந்தேன். உன் முகத்தை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். நீ நினைக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. இமை லேசாகத் தடித்திருக்கிறது, ஓரம் சிவந்திருக்கிறது. மற்றபடி அதே மூஞ்சிதான், காலை எழுந்ததும் யார் மேலேயாவது வழக்குப் போடத் தயாராக இருக்கிற மூஞ்சி.

எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்கும் இருக்கிறது. இரண்டு பேரும் தனித்தனி ஊரில் உட்கார்ந்து பயப்படுவது வீண். கிளம்பி வா.

உன் மாப்பிள்ளை முன்னறையைக் காலி செய்துகொண்டிருக்கிறார். அவர் இன்னமும் கண்ணாடிக் கட்சியிலேயே இருக்கிறார், பாவம். நீயே வந்து சொல்லிப் புரியவை.

பாப்பா

*

ஏப்ரல் 4

பாப்பா,

உன் கடிதத்தை மடித்து வைக்கவில்லை. அந்தச் சொல் வந்த இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன், திரும்பி வந்து மீதியைப் படித்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். என்னைக் கேட்காமல் அனுப்பியது தவறுதான். நோய் இருந்தது என்பதால் அது சரியாகிவிடாது. எவனுடைய சதையோ அவனிடம் கேட்க வேண்டும், அவன் கத்தினாலும் கேட்க வேண்டும். நான் வாங்கி வந்து வைத்திருந்ததும் தவறுதான். அது உன் தவறை அழித்துவிடவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

பயம் இருக்கிறது. ஊசி என்றால் மறுபடி அந்தக் கண்ணாலேயே பார்க்க வேண்டும். ஓரத்தைச் சோதிக்கிறார்கள் என்கிறாயே, அவர்கள் சோதிக்கிற வரை இமை இல்லாமல் நான் எப்படிப் படுத்திருப்பேன், கண்ணை மூட முடியுமா முடியாதா, இதை யாரும் எழுதவில்லை. கண்ணுக்கு மேலே மூட ஒன்றும் இல்லாமல் போவதை நினைத்தால் ராத்திரி எழுந்து விளக்கைப் போட்டுவிடுகிறேன். ஆனாலும் வருகிறேன். நடக்க வேண்டியதையும், எதை யார் செய்ய வேண்டும் என்பதையும் எழுதுகிறேன். மாற்றாதே.

சலூன்காரருக்குப் புதுக் கண்ணாடி. வெட்டிவிட்டேன். விசில்காரர் டேப்பைப் பிடித்தார், கோட்டை அவர் கண்ணால் பார்த்துச் சொன்னார், வெட்டியது என் கை. சுவரில் சரியாக உட்கார்ந்தது. காலண்டருக்கு வேறு இடம் தேட வேண்டியது சலூன்காரர்.

கடைச் சாவி விசில்காரரிடம். வாரம் ஒரு தடவை திறந்து காற்றோட்டம் விட வேண்டியது அவர். யார் கேட்டாலும் "பெரியவர் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காரு" என்று மட்டும் சொல்ல வேண்டும். பரிதாபமாக முகத்தை வைத்துக்கொள்ளக் கூடாது. சொல்லியிருக்கிறேன்.

நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியது நான். கொடுப்பதற்கு முன் அந்தப் பாதிப் பக்கத்தைப் படித்து முடிக்க வேண்டியதும் நான். நேற்று முடித்தேன். நீ எழுதியதும் அதில் இருப்பதும் ஒத்துப்போகின்றன. சர்க்கரை தடவவில்லை. நல்லது.

மாப்பிள்ளையிடம் கண்ணாடி இல்லை என்று சொல்ல வேண்டியது நான். நீ சொல்லாதே. என்னை நம்பியவரிடம் நான்தான் சொல்ல வேண்டும்.

பஸ் நிலையத்துக்கு வர வேண்டியது நீ, வேனில். ஆனால் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு. வீங்கிய இமையோடு ஒரு கிழவனைப் பார்த்து அவர்கள் பயப்பட வேண்டாம்.

மேசையில் படுக்க வைத்துத் துணி போர்த்திய பிறகு டாக்டர் யாரிடமாவது ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என்னிடம்தான் சொல்ல வேண்டும். இதை அவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவள் நீ. என் பதிலைக் கேட்ட பிறகுதான் செய்ய வேண்டும். நான் சரி என்றுதான் சொல்வேன். ஆனாலும் கேட்க வேண்டும்.

அங்கும் குப்பியைக் கையில் கொடுத்தால், கொண்டுபோக வேண்டியவள் நீ. வழியில் என்னிடம் கொடுக்காதே. நான் கேட்டாலும் கொடுக்காதே. ரசீதை மருந்துப் பையில் போடாதே.

கட்டைப் பிரிக்க வேண்டியது டாக்டர்.

முதலில் பார்க்க வேண்டியவள் நீ. முகத்தை மாற்றிக்கொள்ளாதே, எனக்குத் தெரிந்துவிடும்.

கடையிலிருந்து கை அகலக் கண்ணாடி ஒன்று கொண்டு வருகிறேன், நானே வெட்டி ஓரம் தேய்த்தது. துணியில் சுற்றியிருக்கும். நீ பார்த்து முடித்த பிறகு அதை என் முன்னால் பிடிக்க வேண்டியவளும் நீதான். கை நடுங்கினால் இரண்டு கையாலும் பிடி.

பார்க்க வேண்டியது நான்.

அண்ணன்